பாதி பாடிதானே நிறைந்திருக்கிறது என்று ஏற்றாதீர்கள்: பிக்கப் சரக்கு வண்டித் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பிக்கப்பைக் காரைக்குடி ஸ்டாண்டில் பார்த்தேன். புது வண்டி, பூசை போட்ட மாலைகூட இன்னும் வாடவில்லை. பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"எவ்வளவு தம்பி ஏத்தியிருக்க?"

"அறுநூறு சதுர அடிண்ணே. பாதி பாடிகூட நிறையலையே!"

2016-ல் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்சூரன்ஸ் தேதி, டீசல் கணக்கு, மஞ்சள் போர்டு பற்றியெல்லாம் வண்டி விற்றவரே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

பாடியைப் பார்த்து ஏற்றுவது

ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் வேகாத கல். சிமென்ட், மணல், நிறப்பொடி சேர்த்துக் கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்த அளவில் சதுர அடிக்குச் சுமார் 4 கிலோ வருகிறது. தொட்டியிலிருந்து எடுத்து நன்றாக உலராத கல் இன்னும் கனக்கும். அறுநூறு சதுர அடி என்றால் 2,400 கிலோ. 2016-ல் நானும் இதே அளவு ஏற்றியபோது என் வண்டி தாங்கக்கூடியது 1,300 கிலோதான்.

மதுரையில் வீடு கட்டுகிறவர் ஒருவருக்காகப் போன லோடு அது. வாடகை 3,500 ரூபாய். இரண்டு நடையாக அடித்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னேன். ஒரே நடையில் கொண்டுவந்தால் 500 சேர்த்துத் தருகிறேன் என்றார். ஏற்றினேன். திருப்பத்தூர் வரை ஒன்றும் தெரியவில்லை. மேலூர் தாண்டி ஒரு வேகத்தடையில், பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டை முறிந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய, பின் டயர் பாடியில் உரசிக் கிழிந்தது. கல்லை நிறுத்தி அடுக்காமல் படுக்கவைத்து அடுக்கியிருந்தேன், அதில் எழுபதுக்கு மேல் உடைந்துபோனது. பட்டை, டயர், லோடை மாற்றிக் கொண்டுபோன வண்டி, உடைந்த கல்லுக்கு ஈடு எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய். மூன்று நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. வேறு கல் வாங்கிக் கொடுத்தும் அந்த வீட்டுக்காரருக்கு மனம் ஆறவில்லை. கையால் வார்க்கிற கல்லில் அடுத்த தடவை அதே நிறம் அச்சாக வராது. அவர் வீட்டுக் கூடத்து ஓரத்தில் அந்த வித்தியாசம் இன்றும் தெரிகிறது.

எல்லாம் ஐந்நூறு ரூபாய்க்காக. நினைத்தால் இன்னமும் எரிச்சலாக வருகிறது. அதைவிட எரிச்சல், புதிதாக வருகிற பையன்களிடம் "இன்னொரு பட்டை சேர்த்துப் போட்டுக்கோ, தாங்கும்" என்று சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்தால். பட்டை தாங்கும், சரி. பிரேக்கும் ஆக்சிலும் டயரும் கம்பெனி கணக்குப் போட்டுக் கொடுத்த எடைக்குத்தானே இருக்கின்றன? இரண்டு மடங்கு பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது ஒரு பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் வண்டி நிற்காது.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வெறும் வண்டியின் எடையும் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடையும் போட்டிருக்கும். முன்னதைப் பின்னதிலிருந்து கழியுங்கள். வருகிற மிச்சத்தில்தான் டிரைவரும் கிளீனரும்கூட அடக்கம். அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. புதுவயல் மில்லில் அரிசி எடுப்பவர்களுக்குக் கணக்கு சுலபம்: 26 கிலோ சிப்பம் ஐம்பது என்றால் 1,300 கிலோ. கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும்.

பாடி நிறைந்தும் கனக்காத லோடுகள் இங்கே நிறைய உண்டு. முறுக்கு, சீப்புச் சீடை டின்கள், சிங்கம்புணரிக் கயிறு, மெத்தை, வீடு மாற்றுகிற சாமான். புதிதாக வருபவர்கள் அதில் தொடங்குவது நல்லது. வண்டி தேயாமல் சம்பாதிக்கும்.

கல்யாண வீட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு

கானாடுகாத்தானிலிருந்து தேவகோட்டைக்குச் சீர் சாமான் என்றால் தூரம் கொஞ்சம்தான். ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். சாமான் உள் அறையிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தையும் எண்ணி எழுதிய பிறகுதான் படியிறக்குவார்கள். அது அவர்கள் முறை, அதில் அவசரப்படுத்தக் கூடாது. அரை நாள், முழு நாள் என்று வாடகை பேசுங்கள். ஏத்துக்கூலி யாருடையது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியை யோசிக்காமல் கிளம்புவது

மதுரைக்குப் போனால் மாட்டுத்தாவணிச் சந்தையில் காய்கறி எடுக்கிற காரைக்குடிக் கடைக்காரர்கள் இரண்டு பேரின் போன் எண்ணாவது கையில் இருக்கட்டும், வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியிருக்காது.

ஆடி, மார்கழி

கல்யாண லோடு இல்லை, வண்டிக் கடனுக்கு மாத டியூ உண்டு. அதற்கான பணத்தைத் தையிலேயே எடுத்துவையுங்கள்.

தேக்குத் தூணை வெளியே நீட்டிக்கொண்டு போவது

வேண்டாம். அதற்கும் 20,000 ரூபாய் அபராதம்.

பின்னால் ஆட்களை ஏற்றுவது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் மூட்டைகளைச் சுமக்க நானும் போயிருக்கிறேன். நல்ல வருமானம், மனதுக்கும் நிறைவு. நாலாவது நாள் கால் கொப்பளித்த பெரியவர் "அப்பச்சி, கொஞ்ச தூரம் ஏறிக்கிறேனே" என்று கேட்கும்போது மறுப்பது கஷ்டம். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிவருகிறவருக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு கிடையாது. அவருக்கு ஒன்று ஆனால் ஈடு உங்கள் தலையில்தான் விழும். பேருந்து ஏற்றிவிடுங்கள். டிக்கெட்டுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

பழைய வண்டியின் அடியைப் பார்க்காமல் வாங்குவது

பெயின்ட்டையும் சீட்டையும் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு கோணியை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் கமான் பட்டையை எண்ணுங்கள். கூடுதலாக ஒரு பட்டை இருந்தால் அந்த வண்டி என்ன சுமந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெல்டிங் தடம் இருந்தால், ஐம்பதாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.