தந்தத் தடையை எதிர்த்து ரிட் மனு எழுதும் முன்

என் ஜூனியர் எழுதிக் கொண்டுவந்த வரைவில் முதல் 12 பக்கமும் தந்தச் சிற்பக் கலையின் பெருமைதான். கட்சிக்காரரின் அப்பா அந்தத் தந்தச் சரக்கை எப்போது வாங்கினார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986 திருத்தம் 5-ஏ அத்தியாயத்தைச் சேர்த்து, சட்டத்தின் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பொருள்களில் வியாபாரத்தை நிறுத்தியது. இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தம் அப்போது தப்பியது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. இருப்பை விற்றுத் தீர்க்க ஆறு மாதம் கொடுத்தார்கள். பில்லும் இருப்புப் பதிவேடும் இதில் எந்தப் பக்கம் விழுகின்றன என்று தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

அப்புறம் அரசமைப்பின் ஷரத்து. தொழில் செய்யும் உரிமை தரும் 19(1)(ஜி) உங்களுடையது, அதில் நியாயமான கட்டுப்பாடு விதிக்க இடம் தரும் 19(6) அரசுடையது. முழுத் தடை நியாயமான கட்டுப்பாடு ஆகுமா என்று ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே நரேந்திர குமார் வழக்கில் சொல்லிவிட்டது. காட்டு விலங்கு மாநிலத்தின் சொத்து என்ற அமெரிக்காவின் கீர் வழக்கை (1896) அரசுத் தரப்பு காட்டினால் பயப்படாதீர்கள். 1979-இல் ஹியூஸ் வழக்கில் அது கவிழ்ந்துவிட்டது.

சண்டை ஒரே கேள்வியில்தான். உங்கள் தந்தத்தையும் வேட்டைத் தந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படிப் பிரிப்பது? சட்டப்படி வந்த சரக்கின் பெயரில் திருட்டுச் சரக்கு விலைபோகும் என்பதே அரசின் வாதம். 2003-இல் இந்தியன் ஹேண்டிகிராஃப்ட்ஸ் எம்போரியம் வழக்கில் தடை நின்றது.

அதே ஆண்டு பல்ராம் குமாவத் வழக்கில் வந்தது மாமத் தந்தம். மாமத் பழங்கால யானை இனம்; அழிந்துபோன விலங்கை யார் வேட்டையாடுவது என்று வியாபாரிகள் தரப்பு கேட்டது. அழகான வாதம். இரண்டையும் பிரிக்க வழியும் உண்டு: தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் வலைபோல் கோடுகள் ஓடும். வெளியோரத்தில் அவை வெட்டிக்கொள்ளும் கோணம் மாமத்தில் பெரும்பாலும் 90 பாகைக்குக் கீழே, யானையில் 115-க்கு மேலே. சரி, செதுக்கிப் பாலிஷ் போட்ட விரல் உயரப் பிள்ளையாரில் அறுத்த முகத்தை எங்கே தேடுவது? எந்தத் தந்தமானாலும் தடைதான் என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜூனியர் மறுவாரம் வந்தார். 12 பக்கம் இரண்டாகியிருந்தது, பில்லும் கிடைத்திருந்தது. தேதி 1993. மனுவை நாங்கள் தாக்கல் செய்யவில்லை.