ஆர்ச்சர் சி7 வி2: ஓப்பன்-டபிள்யுஆர்டி ஏற்றுவதும் கம்பெனி ஃபர்ம்வேருக்குத் திரும்புவதும்

டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில், கம்பெனி ஃபர்ம்வேருக்கு (ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருள்) பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மென்பொருளான ஓப்பன்-டபிள்யுஆர்டியை ஏற்றுவது கடினமில்லை. பலர் மாட்டிக்கொள்வது திரும்பி வரும்போதுதான். ஆகவே திரும்பும் வழிக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு ஏற்றத் தொடங்குங்கள். இங்கே சொல்லும் எண்கள் வி2 வன்பொருளுக்கானவை.

ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரில் 'வெர்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே வேறு. வி1-இல் ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் சேரும் நினைவகம்) 8 எம்பி. அதன் 5 கிகாஹெர்ட்ஸ் சிப் ஓப்பன்-டபிள்யுஆர்டியில் இயங்காது. வி2-இல் ஃபிளாஷ் 16 எம்பி, ரேம் 128 எம்பி. ஒரு பதிப்பின் கோப்பை இன்னொன்றில் ஏற்றக் கூடாது. ஸ்டிக்கரில் யுஎஸ், ஈயு என்று நாட்டுக் குறியீடு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இணைய இணைப்பின் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தில் உள்நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், அந்த நிறுவனம் தந்த விலான் எண் இருந்தால் அது, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதுங்கள். ஃபர்ம்வேர் மாறியதும் இணையம் நின்றுவிடும். அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. கம்பெனி ஃபர்ம்வேர், ஓப்பன்-டபிள்யுஆர்டியின் 'ஃபாக்டரி', 'சிஸ்அப்கிரேட்' கோப்புகள், டிஎஃப்டிபி சர்வர் மென்பொருள் (ரவுட்டர் கேட்கும் கோப்பைக் கணினியிலிருந்து அனுப்பும் நிரல்) ஆகியவை கணினியில் இருக்கட்டும். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 எண் (கோப்பு பிழையின்றி வந்ததைக் காட்டும் சரிபார்ப்பு எண்), பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ஃபிளாஷ் (ஃபர்ம்வேரை எழுதும் வேலை) நடக்கும்போது மின்சாரம் போனால் வேலை பாதியில் நின்றுவிடும் என்பதால் ரவுட்டரையும் கணினியையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். வைஃபை வழியாக ஃபிளாஷ் செய்ய வேண்டாம். மஞ்சள் லான் போர்ட்டில் கேபிள் செருகுங்கள்.

கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதல் தடவை மாறும்போது 'ஃபாக்டரி' கோப்புதான் வேண்டும். 192.168.0.1 முகவரியில் நுழைந்து, சிஸ்டம் டூல்ஸில் ஃபர்ம்வேர் அப்கிரேட் பக்கத்தில் அதை ஏற்றுங்கள். வி2-வுக்கு யுஎஸ், ஈயு என்று தனித்தனி ஃபாக்டரி கோப்புகள் உண்டு. குறியீடு பொருந்தாவிட்டால் ரவுட்டர் ஏற்க மறுக்கும். அமெரிக்க ரேடியோ விதிகள் இறுகியபோது வந்த பூட்டு இது. கோப்பின் பெயர் நீளமாக இருந்தாலும் மறுக்கக்கூடும். சின்னப் பெயராக மாற்றி முயலுங்கள்.

முதல் பூட் வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். அமைப்புகள் சேரும் பகுதியை அது அப்போதுதான் ஃபார்மட் செய்கிறது. நின்றுபோய்விட்டது என்று நினைத்து பிளக்கைப் பிடுங்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு முகவரி 192.168.1.1, பயனர் ரூட், கடவுச்சொல் கிடையாது, உடனே ஒன்று வையுங்கள். வைஃபை அணைந்திருக்கும். அது பழுதல்ல, ஓப்பன்-டபிள்யுஆர்டி அப்படித்தான் வரும். நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்து நீங்களே இயக்க வேண்டும்.

ஓப்பன்-டபிள்யுஆர்டிக்குள்ளேயே ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக 'சிஸ்அப்கிரேட்' கோப்பு. அதன் நிர்வாகப் பக்கமான லூசியில் சிஸ்டம், பிறகு பேக்கப்/ஃபிளாஷ் ஃபர்ம்வேர். முதலில் பேக்கப் எடுங்கள். நீங்களாக நிறுவிய பேக்கேஜ்கள் எல்லாம் போய்விடும். அமைப்புகள் மட்டும்தான் தங்கும் என்பதால் பேக்கேஜ் பட்டியலையும் எழுதி வையுங்கள்.

'கீப் செட்டிங்ஸ்' பெட்டியை டிக் செய்யலாமா? ஒரே வரிசையில், 23.05.2-இலிருந்து 23.05.5-க்குப் போவது போன்றதற்குத் தாராளமாக. 19.07-இன் ஏஆர்71எக்ஸ்எக்ஸ் வடிவத்திலிருந்து (இந்த ரவுட்டரின் சிப்புக்கான பழைய தொகுப்பு) 21.02-க்கோ அதற்குப் பிந்தியதற்கோ போனால் கூடாது. 21.02-இல் ஏஆர்71எக்ஸ்எக்ஸ் நீக்கப்பட்டு அதன் இடத்தில் வந்த ஏடிஎச்79 மட்டுமே இருக்கிறது. வைஃபை சிப்பைக் குறிக்கும் பாதை இரண்டிலும் வேறு, பழைய அமைப்பு ஒட்டாது. 22.03-இல் ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸுக்கு மாறியது. அதற்கு முன்பிருந்த ஐபிடேபிள்ஸில் கையால் எழுதிய விதிகளைத் திரும்ப எழுத வேண்டும். புதியதிலிருந்து பழையதற்கு இறங்கும்போது டிக்கை எப்போதும் எடுத்துவிடுங்கள்: முன்னே போகும் மாற்றங்களுக்குச் சில இடங்களில் தானாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, பின்னே இறங்க எதுவும் இல்லை. பழைய பேக்கப்பை முழுதாகத் திணிப்பதைவிட, அதைத் திறந்து பார்த்து மறுபடி டைப் செய்வது நல்லது.

கம்பெனி ஃபர்ம்வேருக்குத் திரும்பக் காரணமும் உண்டு. அதில் வன்பொருள் நாட் (வீட்டுக் கருவிகள் ஒரே இணைய முகவரியைப் பகிரும் வேலையைச் சிப்பே செய்வது) இருக்கிறது. ஓப்பன்-டபிள்யுஆர்டியில் அந்த வேலை 720 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் தலையில் விழுவதால், ஜிகாபிட் இணைப்பு இருந்தால் வேகம் குறைவது கண்ணில் படும். முதலில் ஃபயர்வால் பக்கத்தில் சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை (அந்த வேலையின் சுமையைக் குறைக்கும் வசதி) இயக்கிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

திரும்பியே ஆக வேண்டுமென்றால் கம்பெனிக் கோப்பின் பெயரில் 'பூட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோப்பின் தலையில் 512 பைட் முகப்பும் 128 கேபி பூட்லோடரும் (ரவுட்டரை இயக்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல்) சேர்ந்திருக்கும். அப்படியே எழுதினால் ஃபர்ம்வேர் இருக்க வேண்டிய இடத்தில் பூட்லோடர் உட்காரும், ரவுட்டர் எழாது. முதல் 1,31,584 பைட்டை வெட்டுங்கள். லினக்ஸில் 'டிடி' கட்டளைக்கு 512 பைட் அளவில் 257 தொகுதிகளைத் தாண்டச் சொன்னால் சரியாக அவ்வளவு போகும். இந்த ஒரு படியைத் தவறவிட்டு ரவுட்டரைக் கல்லாக்கியவர்கள் நிறைய.

வெட்டிய கோப்பை டிஎஃப்டிபி வழியாக ஏற்றுவதே பாதுகாப்பு. எழாமல் கிடக்கும் ரவுட்டரை எழுப்பும் வழியும் இதுவே. கணினிக்கு 192.168.0.66, மாஸ்க் 255.255.255.0 என்று நிலையான முகவரி கொடுங்கள். வைஃபையை அணையுங்கள். கோப்பை டிஎஃப்டிபி சர்வரின் ஃபோல்டரில் வையுங்கள். அதன் பெயர், மாடல் பெயரும் வி2-வும் இடைவெளியில்லாமல், பிறகு அடிக்கோடு, டிபி, அடிக்கோடு, ரெக்கவரி, கடைசியில் '.bin' நீட்சி. பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட மாறக் கூடாது. ஓப்பன்-டபிள்யுஆர்டி தளத்தின் ஆர்ச்சர் சி7 பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ரவுட்டரை அணைத்து, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இயக்குங்கள். டபிள்யுபிஎஸ் விளக்கு எரிந்ததும் விடுங்கள்.

சர்வர் பதிவில் கோப்பு கேட்டு வரவில்லையென்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69 போர்ட்டை அதில் திறந்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால், ரவுட்டர் அணைந்து எழும்போது கணினியின் லான் இணைப்பும் விழுந்து எழுகிறது. அதற்குள் ரவுட்டர் கேட்டு முடித்துவிடுகிறது. இடையில் ஒரு சாதாரண ஸ்விட்சைப் போட்டால் கணினிப் பக்க இணைப்பு விழாது. கோப்பு போன பிறகு தானாக ரீபூட் ஆகும்வரை சில நிமிடம் தொடாதீர்கள்.

ஓப்பன்-டபிள்யுஆர்டி எழுகிறது, உள்ளே நுழைய முடியவில்லை என்றால் இவ்வளவும் தேவையில்லை. ஓடும்போதே ரீசெட்டைப் பத்து விநாடி பிடியுங்கள். அமைப்புகள் அழிந்து 192.168.1.1-க்கு வரும். பக்கம் பாதி பாதியாகத் தெரிந்தால் பிரவுசரின் கேஷை அழியுங்கள். எல்லாம் முடிந்ததும் கணினியின் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள், 0.66-இலேயே விட்டுவிட்டு இணையம் வரவில்லை என்று ரவுட்டரை மறுபடி ஃபிளாஷ் செய்பவர்கள் உண்டு.