கபடி வீரரின் உடற்தகுதிச் சோதனை அறிக்கை: முதல்முறை எழுதுபவர்களுக்கு

உடற்கல்வி மாணவர்கள் எழுதும் அறிக்கைகள் பலவற்றில் சோதனைகளின் விளக்கமே பக்கம் பக்கமாக ஓடும். வீரரைப் பற்றிக் கடைசியில் நாலு வரி, "நன்றாக உள்ளது, மேலும் பயிற்சி தேவை" என்று முடிந்துவிடும். அதைப் படிக்கிற பயிற்சியாளருக்கு நாளைக் காலை மைதானத்தில் எதை மாற்ற வேண்டும் என்று தெரியவே தெரியாது. அது தெரியும்படி எழுதுவது எப்படி என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குக் கல்லூரி அணியில் ஆடும் ஒரு ரெய்டரை (எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்பவர்) வைத்துக்கொள்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

படி 1: ஆட்டம் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள்

வீரரின் வயது, உயரம், எடை, எத்தனை வருடமாக ஆடுகிறார், காயம் ஏதும் உண்டா, இவ்வளவு போதும். பெயர் வேண்டாம், "வீரர் அ" என்று போடுங்கள். சோதனைக்கு முன் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஆட்டத்துக்கு வாருங்கள். ஆண்கள் கபடியில் பாதிக்கு 20 நிமிடம், ஒரு ரெய்டுக்கு 30 வினாடி, களம் 13க்கு 10 மீட்டர். அந்தச் சின்ன இடத்துக்குள் சட்டென்று பாய்ந்து, திரும்பி, பிடியிலிருந்து உதறிக்கொண்டு நடுக்கோட்டுக்கு வர வேண்டும். அதனால் சுறுசுறுப்புக்கு இல்லினாய் ஓட்டம் (கூம்புகளுக்கிடையே வளைந்து திரும்பி ஓடும் சோதனை), கால் வெடிப்புத்திறனுக்குச் செங்குத்துத் தாவல், வேகத்துக்கு 30 மீட்டர் ஓட்டம், பொதுவான தாங்குதிறனுக்குக் கூப்பர் 12 நிமிட ஓட்டம் (12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று அளப்பது). ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்தச் சோதனை இந்த வீரருக்குத் தேவையில்லை.

படி 2: செய்முறை

என்னைக் கேட்டால் அறிக்கையின் உயிர் இங்கேதான். மூன்று மாதம் கழித்து வேறொருவர் இதைப் படித்து அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும். காலையா மாலையா, மண் தரையா சிந்தெடிக்கா, ஷூ போட்டிருந்தாரா, எவ்வளவு நேரம் வார்ம்-அப், முந்தைய நாள் ஆட்டம் ஏதும் உண்டா, எல்லாம் வேண்டும். வரிசையையும் எழுதுங்கள்: உயரமும் எடையும் முதலில், சுறுசுறுப்பு, தாவல், வேகம் நடுவில், கூப்பர் கடைசியில். 12 நிமிடம் ஓடிக் களைத்தவரைத் தாவச் சொன்னால் அந்த அளவு எதற்கும் உதவாது.

தாவலை எப்படி எழுதுவது? "செங்குத்துத் தாவல் எடுக்கப்பட்டது" போதாது. விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தடவி, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் இருக்கக் கையை நீட்டித் தொட்ட இடம் 228 செ.மீ., கையை வீசித் தாவித் தொட்ட இடம் 276 செ.மீ., வித்தியாசம் 48 செ.மீ., மூன்று முயற்சியில் சிறந்தது இது. கைவீச்சு உண்டா இல்லையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதில் பல சென்டிமீட்டர் மாறும்.

படி 3: முடிவுகள்

ஒரே அட்டவணை. எல்லா முயற்சிகளும், அலகோடு. இங்கே கருத்து எதுவும் வேண்டாம். கணக்கு இருந்தால் வழியைக் காட்டுங்கள்: கூப்பர் ஓட்டத்தில் 2400 மீட்டர் என்றால் அதில் 504.9 கழித்து 44.73ஆல் வகுக்க, விஓ2 மேக்ஸ் (உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு) சுமார் 42.4 மி.லி., ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு. இது மதிப்பீடுதான், ஆய்வகத்தில் அளந்ததல்ல என்று சேர்த்துவிடுங்கள்.

படி 4: விவாதம்

மதிப்பெண்ணும் இங்கேதான், வீரருக்குப் பலனும் இங்கேதான். எண்ணைத் திரும்பச் சொல்லாமல், அந்த எண் களத்தில் என்னவாகத் தெரியும் என்று எழுதுங்கள். 30 மீட்டரில் நல்ல நேரம், இல்லினாயில் மந்தம் என்றால், நேராக ஓடத் தெரிகிறது, வேகத்தைக் குறைத்துத் திரும்புவதில் சிக்கல் இருக்கலாம். ரெய்டில் போனஸ் கோடு (எதிரணிக் களத்தின் உட்பகுதியில் உள்ள கோடு) வரை போய்த் திரும்பும்போதே இவர் பிடிபடுகிறாரா என்று பயிற்சியாளரிடம் கேட்டு அதையும் சேருங்கள்.

பொதுத் தர அட்டவணையோடு ஒப்பிட்டால், அது எந்த வயதினருக்கு, எந்தப் பாலினத்துக்கு உரியது என்று பாருங்கள். வீரரின் பழைய அளவு கையில் இருந்தால் அதுவே சிறந்த ஒப்பீடு. ஆனால் 30 மீட்டர் நேரம் 4.5 வினாடியிலிருந்து 4.4 ஆனதும் "முன்னேற்றம்" என்று எழுதிவிடாதீர்கள். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்சில் அழுத்துபவரின் விரலே அவ்வளவு மாறும். தடகளத்தில் 100 மீட்டர் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டுவது வழக்கம், அதை நினைவில் வையுங்கள். இந்தக் குறையைத் தயங்காமல் எழுதுங்கள், அறிக்கைக்கு நம்பகம் கூடும்.

படி 5: பரிந்துரை, அப்புறம் சுருக்கம்

பரிந்துரை இரண்டு மூன்று போதும், ஒவ்வொன்றும் ஒரு முடிவோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். "சுறுசுறுப்பைக் கூட்ட வேண்டும்" என்பது பரிந்துரையே இல்லை. வாரம் இரண்டு நாள், பயிற்சியின் தொடக்கத்தில், 5 மீட்டர் பாய்ந்து நின்று திரும்பும் ஓட்டம், எத்தனை முறை, இடையில் எவ்வளவு ஓய்வு, மறுசோதனை எப்போது என்று எழுதினால்தான் பயிற்சியாளர் அதை எடுத்துச் செய்வார்.

முதல் பக்கத்தில் வரும் சுருக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள். மைதானத்தில் குறித்த தாளை அழகாகத் திரும்ப எழுதாமல், அடித்தல் திருத்தலோடு அப்படியே பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள், அட்டவணையில் சந்தேகம் வந்தால் சரிபார்க்க அதுதான் உதவும்.