பனிமய மாதா திருவிழாவுக்கு வீட்டிலேயே மக்ரூன் சுடுவதும், பிள்ளைகளோடு திருவிழாக் கடைகளுக்குப் போய்வருவதும்

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் ஜூலை 26 அன்று கொடி ஏறிவிட்டால், ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா முடியும் வரையிலான 11 நாட்களும் ஊரில் பல வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். வெளியூர்களில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள், கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லாரும் வந்து சேர்வார்கள். மாதா கோயிலுக்குப் போவது கிறிஸ்தவக் குடும்பங்களோடு நின்றுவிடுகிற வழக்கமும் அல்ல. மாலையானதும் பிள்ளைகள் ராட்டினத்துக்கும் கடைகளுக்கும் கூட்டிப்போகச் சொல்வார்கள், ஊர் திரும்புகிறவர்களுக்கோ முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுடும் இனிப்பான மக்ரூனை ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் இரண்டும் கெடும் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவிட்டதால், நாள் குறிப்பதிலிருந்தே தொடங்குகிறேன். கடைகளுக்குப் போகும் நாளுக்கு இரண்டு நாட்கள் முன்பாக, மதியச் சமையல் முடிந்து அடுக்களை ஓய்ந்த பிறகு மக்ரூன் வேலையைத் தொடங்குங்கள். மக்ரூனுக்கு ஈரம் ஆகாது; சோறு வடித்த ஆவியும் குழம்பு கொதித்த ஆவியும் நிறைந்திருக்கும் அடுக்களையில் அது ஒருபோதும் சரியாகக் காயாது.

மழையைப் பொறுத்தவரை இந்தப் பருவம் நமக்குச் சாதகமானது. தென்மேற்குப் பருவமழை மலைகளுக்கு மேற்கே பெய்து முடிந்துவிடுவதால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் தூத்துக்குடிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வறண்ட மேல்காற்றுதான்; உப்பளங்களில் உப்பு விளைவதும் இந்த வெயிலையும் காற்றையும் நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதே மக்ரூனைச் சுட்டால் டப்பாவைத் திறந்த சிறிது நேரத்திலேயே கையில் ஒட்டத் தொடங்கிவிடும்.

இந்தப் பண்டத்துக்குப் போர்த்துகீசியர் காலத்துத் தொடர்பு உண்டு என்று ஊரில் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதைப் பாதாமில் செய்வார்கள், நாம் முந்திரியில் செய்கிறோம். அந்த முந்திரியும் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரத்தின் கொட்டைதான்.

தேவையானவை மூன்றே பொருட்கள் என்பதால் ஒவ்வொன்றின் தரமும் முக்கியம். முட்டை நான்கு வேண்டும். அவற்றின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 120 கிராம் இருக்கும். சர்க்கரை 200 கிராம், முந்திரி 200 கிராம். இந்த அளவில் சிறிய மக்ரூன்கள் ஏறக்குறைய 40 கிடைக்கும். முழு முந்திரி தேவையில்லை, விலை குறைவான உடைத்த பருப்பே போதும். ஆனால் அது வறுக்காததாகவும் சிக்கு வாடை இல்லாததாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய பருப்பின் வாடையை மறைக்க இதில் ஏலக்காயோ நெய்யோ கிடையாது. பருப்பை இரண்டு மணி நேரம் வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் ஒரு கரண்டிச் சர்க்கரையோடு போட்டு விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி முந்திரி எண்ணெய் கக்கிவிடும், அந்த எண்ணெய் பிறகு முட்டை நுரையை அமுக்கிவிடும். ரவைப் பதம் வந்ததும் நிறுத்திச் சலித்து, மேலே தங்கும் குறுணையை மட்டும் மறுபடி ஒரு சுற்று ஓட்டிக்கொள்ளலாம். மீதிச் சர்க்கரையைத் தனியாக நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கருவைப் பிரிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முட்டையைப் பிரித்தால் மஞ்சள்கரு உடையாமல் வரும், ஆனால் அடிக்கும்போது வெள்ளைக்கரு அறைச் சூட்டில் இருந்தால்தான் நன்றாக நுரைக்கும். ஆகவே பிரித்துவிட்டு மூடி, அரை மணி நேரம் வெளியே வையுங்கள். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நான்காவது முட்டையின் மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அதிலுள்ள கொழுப்பு மொத்த வெள்ளையையும் நுரைக்க விடாமல் தடுக்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப் பசை தங்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரத்தையே எடுத்து, எலுமிச்சைத் துண்டால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். மிஞ்சும் நான்கு மஞ்சள்கருவை அன்றிரவு ஒரு முழு முட்டையோடு அடித்து வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து ஆம்லெட் போட்டுவிடலாம்.

பீட்டர் இருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை, விஸ்க் கொண்டு கையால் அடித்தால் அரை மணி நேரம் பிடிக்கும். வீட்டில் ஆள் நிறைந்திருக்கும் நாட்களில் கை மாற்றி அடிக்க யாராவது கிடைப்பார்கள். முதலில் மெதுவாக அடியுங்கள். சோப்பு நுரை போலப் பெரிய குமிழிகள் எழுந்து, அவை சிறுத்து வெண்மையானதும் சர்க்கரைப் பொடியை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்த்து, ஒன்று கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சர்க்கரை கரையாமல் தங்கி, சுடும்போது மக்ரூனின் அடியில் பாகாகக் கசியும். நுரையில் சிறிது எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும் என்று பொருள். கம்பியைத் தூக்கினால் முனை வளையாமல் நிமிர்ந்து நிற்பதும், பாத்திரத்தைச் சாய்த்தாலும் நுரை நகராமல் இருப்பதும் சரியான பதம். அதற்கு மேலும் அடித்தால் நுரை திட்டுத்திட்டாகப் பிரிந்து நீர்விடும், பிறகு அதை மீட்க வழியில்லை.

இனி முந்திரிப் பொடியை மூன்று பங்காகத் தூவி, தட்டையான கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்க வேண்டும்; தோசை மாவைக் கரைப்பதுபோலச் சுற்றிச் சுற்றிக் கலக்கினால், அரை மணி நேரம் பாடுபட்டு ஏற்றிய காற்று முழுவதும் இறங்கிவிடும். பொடி கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். கழுவி நன்றாகக் காயவைத்த பால் கவரில் மாவை நிரப்பி, ஒரு மூலையைச் சுண்டுவிரல் பருமனுக்கு வெட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் சின்னச் சின்னக் கூம்புகளாகப் பிழியலாம். அழுத்தி, நிறுத்தி, சட்டென்று மேலே இழுத்தால் தூத்துக்குடி மக்ரூனுக்கு உரிய கூர்முனை வந்துவிடும். முனை வளைந்தாலும் உடைந்தாலும் சுவையில் குறை வராது, ஆகவே கடைசி இரண்டு வரிசைகளைப் பிள்ளைகளிடம் பிழியக் கொடுங்கள். பச்சை முட்டை சேர்ந்த மாவை அவர்கள் நக்கிப் பார்க்காமல் இருக்க மட்டும் ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சுடுவது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் நடப்பது உலர்த்துவதுதான். ஓவனைப் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, 110 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சீக்கிரம் முடிக்க நினைத்துச் சூட்டைக் கூட்டினால், மேல்புறம் பழுத்து வெடித்து, உள்ளே பிசுபிசுவென்று நின்றுவிடும். முதல் முக்கால் மணி நேரம் கதவைத் திறக்கவே வேண்டாம். அதன் பிறகு நிறம் மஞ்சளாக மாறுவதாகத் தெரிந்தால் 100 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். தாளிலிருந்து அடி ஒட்டாமல் பிரிந்து, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருந்தால் ஆகிவிட்டது. உடனே வெளியே எடுக்காமல், ஓவனை அணைத்துக் கதவை விரல் அளவு திறந்து, இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே ஆறவிட வேண்டும். குக்கரில் உப்பு பரப்பிக் கேக் சுடுகிறவர்கள் பலர் இதையும் அதில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். இவ்வளவு குறைந்த சூட்டை ஒன்றரை மணி நேரம் ஒரே சீராக அதில் பிடித்து வைப்பது கடினம் என்பதால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

நன்றாக அமைந்த மக்ரூன் தூய வெள்ளையில் சற்றே பால் நிறம் கலந்ததுபோல இருக்கும். ரோம் நகரின் எஸ்குலின் குன்றில் ஆகஸ்ட் மாதத்து வெயிலில் பனி பெய்தது என்ற மரபுக் கதையிலிருந்துதான் பனிமய மாதா என்ற பெயரே வந்தது. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே டப்பாவில் அடுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். காற்றுப் புகாத தகர டப்பாவில், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால் பத்து நாட்கள் வரை மொறுமொறுப்புக் குறையாது. குளிர்பெட்டியில் வைத்தால் ஈரம் பிடித்துவிடும். நமுத்துப்போனவற்றை 100 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய பதத்துக்குத் திரும்பிவிடும்.

இனித் திருவிழாக் கடைகளுக்கு வருவோம். கொடியேற்ற நாளிலும் ஆகஸ்ட் 5 அன்றும் கூட்டம் மிக அதிகம் என்பதால், சின்னப் பிள்ளைகளைக் கடைகளுக்கும் ராட்டினத்துக்கும் கூட்டிப்போவதை நடுவிலுள்ள ஒரு வேலைநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெருவிழா அன்று வழிபாட்டுக்கு மட்டும் போய்வந்தால் போதும். மாலை நான்கரை மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டால், விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் பிள்ளைகள் ஆசைப்பட்டதில் பாதியைப் பார்த்து முடித்திருப்பார்கள், கூட்டம் நெருக்கும் நேரத்தில் நீங்கள் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். கடற்கரைச் சாலையில் அந்தப் பருவத்துக் காற்று மண்ணை வாரி இறைக்கும் என்பதால், கண்ணில் மண் விழுந்தால் கழுவத் தண்ணீரும் ஒரு சுத்தமான கைக்குட்டையும் கட்டாயம் வேண்டும். காற்று மிகுந்து வீசும் நேரத்தில் ராட்சத ராட்டினத்தைத் தவிர்த்துவிட்டு, தரையோடு சுற்றும் குடை ராட்டினத்தில் ஏற்றுவதே நல்லது.

புறப்படும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள், முடிந்தால் முன்கையில் பேனாவாலும் எழுதிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும், தவறிப்போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கடைகள் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் கடையை அடையாளமாகச் சொல்லாமல், எங்கிருந்தும் கண்ணுக்குத் தெரியும் கோயில் முகப்பையோ காவல் உதவி மையத்தையோ சொல்வதே சரி.

செலவுக்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளியது. தாத்தாவும் ஆச்சியும் மாமாவும் திருவிழாவுக்கென்று கையில் வைக்கும் காசைப் பிள்ளைகளே சின்ன நோட்டுகளாக வைத்துக்கொள்ளட்டும், ராட்டினத்துக்கான செலவு மட்டும் பெரியவர்களுடையது. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லாக் கடைகளையும் பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் வாங்கலாம் என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டால், முதல் பொம்மைக் கடையிலேயே காசு முழுவதும் தீர்ந்து அழுகிற நிலை வராது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது. பலூன், வளையல், பஞ்சு மிட்டாய் ஆகியவற்றை இரண்டாம் சுற்றின் கடைசியில் வாங்குவது நல்லது, ஏனென்றால் அவற்றைத் தூக்கிக்கொண்டு ராட்டினம் ஏற முடியாது. பேரீச்சம்பழம், மிட்டாய் வகைகளை வீட்டுக்கு வாங்கி வந்து நிதானமாகச் சாப்பிடலாம், ஆனால் திறந்து வைத்த வெட்டுப் பழங்களையும் ஐஸ் போட்ட சர்பத்தையும் சின்னப் பிள்ளைகளுக்கு நான் வாங்கிக் கொடுப்பதில்லை.

ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும். அதற்காக, இரண்டு நாட்களுக்கு முன்பு சுட்டதில் பத்துப் பன்னிரண்டு மக்ரூன்களை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். கடற்காற்றில் அது சீக்கிரமே நமுத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து உடனுக்குடன் மூடியை அழுத்தி மூட வேண்டும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் ஒன்று கொடுக்கத் தோன்றும். முந்திரியும் முட்டையும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கொடுங்கள். வீட்டில் இருக்கும் பெரிய டப்பாவை ஆகஸ்ட் 6 காலை வரை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டால், ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டும்போது அது சுட்ட அன்று இருந்த அதே மொறுமொறுப்போடு இருக்கும்.