குரல் கம்மல் எப்போதும் தொண்டைக்கட்டு அல்ல: முடக்குவாதக்காரர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் குரல் கம்மினால் மருந்து வீட்டிலேயே தயார். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை. தை மாதம் பழநிக்குப் பாடிக்கொண்டே நடந்து போய் வந்த தொண்டைக்கு அது சரி. ஆனால் மூட்டுகளை வீங்க வைக்கும் முடக்குவாதமோ, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸோ உள்ள ஓர் ஆச்சிக்கு மாதக்கணக்கில் குரல் கரகரக்கிறது என்றால், மிளகாய் வறுத்த நெடிமேல் பழியைப் போட்டுக் கஷாயத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் முதல் தவறு. 4 வாரத்தைத் தாண்டிய கரகரப்பு எதுவானாலும், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளைக்குள் கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும். புகைப் பழக்கம் உள்ளவர்கள் அத்தனை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

குரல்வளையில் மூட்டு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. குரல் நாண்கள் திறந்து மூட, பின்பக்கம் இரண்டு சிறு மூட்டுகள் இருக்கின்றன. விரல்களை வீங்க வைக்கும் அதே முடக்குவாதம் இவற்றையும் பிடிக்கும். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். விழுங்கினால் வலிக்கும், வலி காதுக்கும் ஏறும். மூட்டு இறுகி அசையாமல் நிற்கும் நாண், பார்வைக்கு நரம்பு செயலிழந்த நாண் போலவே தெரியும். அதனால் தொண்டை டாக்டரிடம் போய், "அது கை கால் வியாதிதானே" என்று முடக்குவாதத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். லூபஸ் போன்ற நோய்களில் நாணின் குறுக்கே மூங்கில் கணு போல வெண்திட்டு வருவதும் உண்டு. பேசாமல் இருந்தால் மட்டும் அது போய்விடாது. அடிப்படை நோய்க்கும் வைத்தியம் வேண்டும்.

காலையில் தெளிவாக இருக்கும் குரல், பேசப் பேசத் தேய்ந்து மூக்கால் பேசுவதுபோல் ஆகி, சற்று ஓய்ந்தால் திரும்புகிறதா? இமையும் தொங்குகிறதா? நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியாவாக இருக்கலாம். இவர்கள் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போட்டால் பலவீனம் கூடும். வாயும் கண்ணும் உலரும் ஷோக்ரன் நோயாளிக்குச் சளி மாத்திரை இன்னும் உலர்த்தும்.

அப்புறம், கல்யாண வீட்டில் தொண்டையைக் காப்பாற்றுவதாகக் கிசுகிசுப்பது. பலருக்கு அது நாண்களை இன்னும் இறுக்கவே செய்யும். தாழ்ந்த, இயல்பான குரலில் கொஞ்சமாகப் பேசலாம்.

இந்த நோய்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குரல் தேறியதும் அதைத் தாங்களாக நிறுத்துவது ஆபத்து. வெகுநாள் சாப்பிட்டவருக்கு ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்துவிடலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முட்டி மாற்று அறுவைக்குப் போகிறவர்கள் குரல் கம்மலை மயக்க மருந்து டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மூட்டு இறுகிய குரல்வளையில் குழாய் செலுத்துவது கடினம். மூச்சை உள்ளிழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.