யார்க்‌ஷயர் டேல்ஸ்ல வெளிய சாப்பிடப் போறப்ப நம்ம ஆளுங்க பண்ற தப்புங்க

வட இங்கிலாந்துல லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க வெயில் அடிச்சா போதும் மலையும் பள்ளத்தாக்குமா இருக்கிற டேல்ஸ் பக்கம் கிளம்பிடுறாங்க, மால்ஹம் கோவ்ங்கிற பெரிய பாறைச் சரிவு ஏறி இறங்கி போட்டோ எல்லாம் எடுத்து முடிக்க மணி மூணு ஆயிடும், அப்பதான் எங்க சாப்பிடலாம்னு போனைத் திறக்கிறது. பெரிய தப்பே இதுதான். கிராமத்து பப்ல பெரும்பாலும் கிச்சன் மதியம் 12லேருந்து 2, மிஞ்சிப்போனா 2.30 வரைக்கும், அப்புறம் சாயங்காலம் 6க்கு மேலதான். நடுவுல கதவு திறந்திருக்கும், உள்ள ஆளுங்க உட்கார்ந்து குடிச்சிட்டு இருப்பாங்க, மேப்ல பார்த்தாலும் ஓப்பன்னுதான் காட்டும், ஆனா அடுப்பு அணைஞ்சிருக்கும், கேட்டா கிரிஸ்ப்ஸ் (நம்ம ஊர் சிப்ஸ்) பாக்கெட்தான் தருவாங்க. டீ ரூம் போகலாம்னா அதுவும் நிறைய இடத்துல 4 மணிக்கு மூடிடும். ஒரு அக்டோபர்ல சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு மூணு ஊர் அலைஞ்சோம், எங்கயும் சாப்பாடு இல்ல, பிள்ளைங்க பசியில அழுதது இன்னும் மனசுல நிக்குது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லேருந்தே போன் பண்ணி, கடை திறந்திருக்கான்னு கேக்காம, சாப்பாடு எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க. வழியில பண்ணிக்கலாம்னு விடாதீங்க, பள்ளத்தாக்குக்குள்ள போயிட்டா பல இடத்துல சிக்னலே வராது. திங்கள், செவ்வாய்ல சாப்பாடே போடாத இடம் உண்டு. ஞாயிறு மதியம் சன்டே ரோஸ்ட்டுக்கு, அதாவது சுட்ட கறி, உருளைக்கிழங்கு, கிரேவின்னு வர்ற சாப்பாட்டுக்கு, ஊரே வரும், டேபிள் புக் பண்ணாம போனா இடம் கிடைக்கிறது கஷ்டம், ரோஸ்ட் தீர்ந்ததும் அன்னைக்கு சாயங்காலம் கிச்சனைத் திறக்காத பப்பும் இருக்கு. இன்னொண்ணு, அந்தப் பக்கத்து ஆளுங்க டின்னர்னு சொன்னா அது மதியச் சாப்பாடா இருக்கலாம், ராத்திரிச் சாப்பாட்டை டீன்னு சொல்வாங்க, அதனால புக் பண்றப்ப மணியைச் சொல்லியே பேசுங்க.

பப்னாலே நம்ம ஊர் பார் மாதிரின்னு நினைச்சு குடும்பத்தோட போகத் தயங்குறவங்க நிறைய பேர். அந்த நினைப்பை விட்டுடுங்க, கிராமத்துல நல்ல சாப்பாடு பாதிக்கு மேல பப்லதான் இருக்கு, பாட்டி தாத்தா, கைக்குழந்தை, நாய்னு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற இடம் அது. ஜூஸ் குடிச்சிட்டு சாப்பிட்டு வந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ஆனா உட்கார்ந்த இடத்துக்கு ஆள் வரும்னு காத்திருக்காதீங்க, பல இடத்துல டேபிள் நம்பரைப் பார்த்து வச்சுக்கிட்டு நாமதான் கவுன்டர்ல போய் ஆர்டர் சொல்லணும். ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல பிள்ளைங்களை விடாத பப்பும் உண்டு, அதையும் போன்லயே கேட்டுக்கோங்க.

மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க, சைவக்காரங்க இதை நல்லா கவனிக்கணும். யார்க்‌ஷயர்ல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைங்க பாரம்பரியமா மாட்டுக்கொழுப்புலதான் பொரிப்பாங்க, பீஃப் டிரிப்பிங்னு போர்டுலயே பெருமையா எழுதியிருப்பாங்க. உருளைக்கிழங்குதானேன்னு சிப்ஸ் (தடியா வெட்டிப் பொரிச்சது) மட்டும் வாங்கினாலும் அதே கொழுப்புதான். ரோஸ்ட்டோட வர்ற உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பு இல்ல, மாவுல சுடுறது), கிரேவி எல்லாத்துலயும் இந்தக் கேள்வி இருக்கு, கறிக்குப் பதிலா பருப்பு, கொட்டையில பண்ற நட் ரோஸ்ட் வாங்கினா கூட மேல ஊத்துற கிரேவி சைவமான்னு தனியா கேளுங்க. மீனைத் தோய்ச்சுப் பொரிக்கிற மாவுல பீர் சேர்க்கிற கடையும் நிறைய. கேக்குறதுக்குக் கூச்சமே வேண்டாம், 14 வகை அலர்ஜிப் பொருள் பத்தி சட்டப்படியே அவங்க சொல்லியாகணும், அதனால கேள்வி அவங்களுக்குப் பழக்கம்தான்.

காரமே இல்லன்னு சொல்லி எங்க போனாலும் பர்கரே வாங்குறது எனக்கு வருத்தமா இருக்கும். சுத்தி மலையெல்லாம் ஆடு மேயுற ஊர், அங்க போய் ஆட்டுக்கறி ரோஸ்ட்டோ, கறியை மாவுக்குள்ள வச்சு சுடுற பையோ (pie) சாப்பிடாம வரலாமா, போர்டுல சாக்பீஸ்ல அன்னைக்கு என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க. காரம் வேணும்னா இங்கிலீஷ் மஸ்டர்டு (கடுகு விழுது) கேளுங்க, மூக்குல ஏறும்.

டான் ஹில் இன் பார்க்கணும்னு எல்லாருக்கும் ஆசை, 528 மீட்டர் உயரத்துல இருக்கு, பிரிட்டன்லயே உயரமான பப். குளிர்காலத்துல வானிலை பார்க்காம ஏறாதீங்க, 2021 நவம்பர்ல அர்வென் புயல் அடிச்சப்ப பனியில வழி அடைச்சு அறுபது பேர் கிட்ட மூணு ராத்திரி உள்ளயே தங்க வேண்டியதாச்சு.

அங்கேருந்து இறங்கினா ஹாஸ் ஊர்ல வென்ஸ்லிடேல் சீஸ் பண்ற இடம் இருக்கு, 1992ல மூடிட்டாங்க, அங்க வேலை பார்த்த மேனேஜர்களே முன்னாடி நின்னு வாங்கித் திரும்பத் திறந்தாங்க. அந்த சீஸை ஃப்ரூட் கேக்கோட சேர்த்துச் சாப்பிடுறதுதான் அங்க வழக்கம், இனிப்போட சீஸான்னு ஒதுக்காம ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. செவ்வாய் அங்க சந்தை நாள், அன்னைக்குன்னா காலையிலயே போயிடுங்க, லேட்டானா கார் நிறுத்த இடம் தேடியே மதியச் சாப்பாட்டு நேரம் போயிடும்.