மூன்று கல்லும் தணலும்: திருகோணமலைப் பக்கத்து நடைப்பயணத்தில் நால்வருக்கு ஒரு பானைச் சோறு

காலை ஆறு மணிக்கு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கன்னியாவைச் சுற்றியுள்ள குன்றுகளிலோ, குச்சவெளிக்கு வடக்கே நீளும் கரையோரத்திலோ, வெருகல் பக்கத்து ஆற்றங்கரைகளிலோ நடக்கத் தொடங்கியவர்களுக்கு, மத்தியானம் எடுக்கும் பசியைப் பணிசும் பிஸ்கற்றும் ஆற்றமாட்டா. வியர்வையோடு உப்பும் வெளியேறி, கால்களும் சோர்ந்திருக்கும் அந்த நேரத்தில் உடம்பு கேட்பது சூடான சோறுதான். அந்தச் சோற்றை மூன்று கல் அடுப்பில், ஒரே பானையில், நாலு பேர் வயிறாறச் சாப்பிடும் அளவுக்குச் சமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். வேலையில் பாதியை வீட்டுக் குசினியிலேயே முடித்துவிட்டு, மீதிப் பாதியைத் தணலில் ஆறுதலாகச் செய்பவருக்கு இந்தச் சமையல் தவறவே தவறாது.

எங்கே நெருப்பு மூட்டலாம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒதுக்கக் காடுகளிலும் வனசீவராசிகள் சரணாலயங்களிலும் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றமாகும். புறாத்தீவு 2003 ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே சமையல் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. திரியாய் போன்ற தொல்லியல் இடங்களின் எல்லைக்குள்ளும் அடுப்பு வைக்கக் கூடாது. ஆகவே தெரிந்தவர்களின் தோட்டக்காணி, வயலோரத்து வெட்டை, ஊரவர்கள் வழக்கமாகச் சமைத்துச் சாப்பிடும் ஆற்றோர மணல்திட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் காணிக்காரரிடமோ கிராம அலுவலரிடமோ கேட்டு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வதுதான் முறை. முன்பு வேறு யாரேனும் அடுப்பு மூட்டிய தடம் உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த மாவட்டத்தில் போர் நடந்த நிலங்கள் பல இருக்கின்றன. மண்ணுக்குள் கிடக்கும் பழைய வெடிபொருள் மேலே எரியும் நெருப்பின் சூட்டினால் வெடிக்கக்கூடும். பழக்கமில்லாத நிலத்தில் குழி தோண்டுவதையும், விறகு தேடிப் பற்றைக்குள் இறங்குவதையும், மண்ணில் புதைந்து கிடக்கும் இரும்புத் துண்டைத் தொடுவதையும் அடியோடு தவிர்க்க வேண்டும்.

காலமும் நேரமும் அடுத்து வருகின்றன. ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை பெய்வதால் அந்த மாதங்களில் விறகும் நனைந்திருக்கும், பாதையும் சேறாயிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசுகையில் இலுக்குப் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி பறந்தாலும் பற்றைக்காடு பற்றிக்கொள்ளும். கிளைகள் ஆடும் அளவுக்குக் காற்று வீசும் நாளில் அடுப்பு மூட்டாமல் கட்டுச்சோற்றைக் கொண்டுபோவதே அறிவுடைமை என்பேன். யானை நடமாடும் கந்தளாய், மொறவெவ, சேருவில பக்கங்களில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே சமைத்து, சாப்பிட்டு, நெருப்பை அணைத்துப் புறப்பட்டுவிட வேண்டும். அரிசிக்காகவும் உப்புக்காகவும் வீட்டுச் சுவரையே உடைக்கும் விலங்கு அது. இருட்டும் நேரத்தில் சோற்றுப் பானையோடு காட்டோரத்தில் உட்கார்ந்திருப்பது வீரமாகாது.

நால்வருக்கான பொருட்களைச் சொல்கிறேன். சம்பா புழுங்கலரிசி 500 கிராம், மைசூர்ப் பருப்பு 200 கிராம், கட்டாக் கருவாடு 150 கிராம், சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, உள்ளி ஆறேழு பல், செத்தல் மிளகாய் ஐந்தாறு, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கடுகும் பெருஞ்சீரகமும் சிறிதளவு, கறிவேப்பிலை, ரம்பை, தோலோடு வெட்டிய பூசணித் துண்டுகள் கால் கிலோ, உருவிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி, தேங்காய்ப்பால் மா நாலு மேசைக்கரண்டி, தேசிக்காய் இரண்டு, தேங்காயெண்ணெய் ஒரு சிறு போத்தல் ஆகியவை போதும். வேறு பருப்புகளை விட்டு மைசூர்ப் பருப்பைத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் அது கரைந்துவிடும். விறகை எண்ணிச் செலவழிக்கும் இடத்தில் இது பெரிய உதவி. தேங்காயைத் திருவிப் பிழியும் பாலுக்கு மாப்பால் ஈடாகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் தேங்காயையும் திருவலையையும் சுமந்து நடக்கும் பாரத்தை நினைத்தால் இந்த ஒரு விட்டுக்கொடுப்பு நியாயமானது.

கருவாட்டை வீட்டில் தயார்ப்படுத்தும் விதத்தில்தான் சாப்பாட்டின் உருசி பெரும்பாலும் தங்கியிருக்கிறது. கரையில் உலர்த்திய கருவாட்டில் மணல் ஒட்டியிருக்கும்; அதை இளஞ்சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் தேய்த்து இரண்டு தண்ணீரில் கழுவி, பெருவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு துணியில் ஒற்றி ஈரம் போக்கி, தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, ஓரங்கள் பொன்னிறமாகிக் கரண்டி பட்டால் கலகலவென்று சத்தம் கேட்கும் வரை பொரிக்க வேண்டும். ஆறிய பின்னர் கடதாசி விரித்த இறுக்கமான ரின்னில் போட்டு மூடினால் வெயிலிலும் கெடாது, பைக்குள் இருக்கும் உடுப்பிலும் மணம் ஏறாது. வெங்காயத்தையும் உள்ளியையும் வீட்டிலேயே உரித்துவிடலாம். கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், மஞ்சள்தூள் ஆகியவற்றை ஒரே சிறு பொட்டலமாகக் கட்டிவிட்டால் காட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தண்ணீரை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். இந்த அளவு அரிசிக்கும் பருப்புக்கும் சமைக்க இரண்டரை லீற்றர் செல்லும்; குடிப்பதற்கு, இந்த வெயிலில் ஆளுக்கு மூன்று லீற்றருக்குக் குறையக் கூடாது. அருவியிலோ ஆற்றிலோ எடுக்கும் தண்ணீரைத் துணியில் வடித்து, குமிழி பொங்கக் கொதித்த பின்னரும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும். பானை கழுவவோ தண்ணீர் அள்ளவோ குளத்திலும் ஆற்றிலும் இறங்குபவர்கள் முதலையை மறந்துவிடக் கூடாது. வாளியில் கயிறு கட்டி, கரையில் தள்ளி நின்று அள்ளுவது நல்லது.

விறகு விடயத்தில் என் கருத்து உறுதியானது: எரிபொருளில் பெரும்பங்கை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். உலர்ந்த சிரட்டைக்கு நிகரான நடைப்பயண விறகு வேறில்லை. இருபது அரைச் சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் பையில் சிறிய இடத்தைத்தான் பிடிக்கும். பாரமும் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த பனையோலையும் ஒரு கட்டு, தணல் நின்றெரியப் பொச்சுமட்டை நாலைந்து துண்டு, இவற்றோடு நனையாமல் பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி இரண்டு. இதற்கு மேல் தேவைப்பட்டால், காணிக்காரரின் சம்மதத்தோடு பாலை, வீரை போன்ற வைரமான மரங்களிலிருந்து தானாக விழுந்து காய்ந்த கொப்புகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். பச்சை மரத்தை வெட்டுவது புகையைத்தான் தரும். களப்போரங்களில் கண்டல்களோடு வளரும் தில்லை மரத்தை எந்த நிலையிலும் அடுப்பில் வைக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். புகையும் கண்ணை எரிக்கும். அலரி, காஞ்சிரை, கள்ளி ஆகியவற்றையும் தொட வேண்டாம். இன்ன மரமென்று தெரியாத கொப்பை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

அடுப்பு வைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மீற்றர் தூரத்துக்குச் சருகையும் புல்லையும் கூட்டித் தள்ளி, வெறும் மண்ணோ மணலோ தெரியும்படி செய்ய வேண்டும். மேலே கிளை தாழ்ந்து நிற்கக் கூடாது. தலையளவுள்ள மூன்று கற்களை முக்கோணமாக வைத்து, பானையை ஏற்றி, ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்; ஆட்டம் கண்டால் கல்லைத்தான் மாற்ற வேண்டும், சுள்ளியை முட்டுக்கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. ஆற்றுக்குள் கிடந்த ஈரக்கல் சூடேறும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துச் சிதறும் என்பதால் கரைமேட்டில் வெயிலில் காய்ந்த கற்களையே எடுக்க வேண்டும். மெல்லிய காற்றென்றால் அடுப்பின் வாயைக் காற்று வரும் பக்கம் திருப்பலாம். சற்றுப் பலமான காற்றென்றால் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு கற்களை மறைப்பாக வைக்க வேண்டும். பானையின் வெளிப்புறத்தில் ஈரச்சாம்பலையோ சவர்க்காரத்தையோ மெல்லியதாகப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால், கரி பிறகு ஒரே துடைப்பில் கழன்றுவிடும். நம்முடைய வீடுகளில் விறகடுப்பு இருந்த காலத்துப் பழக்கம் இது. இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை.

நெருப்பு மூட்டும் முன்னரே அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிட வேண்டும். அரை மணித்தியாலம் ஊறிய அரிசி விரைவாக அவியும். பன்னாடையைப் பிய்த்து உருட்டி வைத்து, அதன் மேல் ஓலையையும், ஓலையின் மேல் காற்றுப் போக இடம்விட்டுச் சிரட்டைகளைக் கவிழ்த்தும் அடுக்க வேண்டும். சிரட்டை முதலில் எண்ணெய் வடிய உயரமாகச் சுவாலைவிட்டு எரியும்; அந்தப் பத்து நிமிடத்தைத் தண்ணீர் கொதிக்க வைக்கப் பயன்படுத்தலாம். பிறகு சுவாலை அடங்கி, விளிம்பில் வெண்சாம்பல் படர்ந்து, உள்ளே செக்கச்செவேலென்று கனலும் தணல் கிடைக்கும். தணலுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்து, இரண்டு மூன்று செக்கனில் கையை எடுக்க வேண்டியிருந்தால் அது கடுஞ்சூடு. ஐந்தாறு செக்கன் தாங்கினால் அது சோறு அவியும் சூடு. அனுபவமில்லாதவர்களும் இந்தக் கைக்கணக்கை நம்பலாம்.

சமையல் இப்படி நடக்கும். ஐந்து லீற்றருக்குக் குறையாத பானையில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவிட்டு, பொட்டலத்திலுள்ள சரக்குகளைப் போட்டு, கடுகு வெடித்ததும் வெங்காயத்தையும் உள்ளியையும் கறிவேப்பிலை, ரம்பையோடு வதக்க வேண்டும். வெங்காயம் நிறம் மாறியதும் பருப்பையும் நீர் வடித்த அரிசியையும் கொட்டி இரண்டு பிரட்டுப் பிரட்டி, கொதித்த நீரை ஊற்ற வேண்டும். பானை பொங்கி வரும் வரை சுவாலை இருக்கலாம். பொங்கியவுடன் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலை மட்டும் அடியில் பரப்பி, பூசணித் துண்டுகளையும் கருவாட்டில் முக்கால் பங்கையும் போட்டு மூடிவிட வேண்டும். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அகப்பையால் அடிவரை துழாவாவிட்டால் பருப்பு அடிப்பிடிக்கும். உப்பை இந்தக் கட்டத்தில் போடவே கூடாது. கருவாடு தன் உப்பை விடுவதற்கு நேரம் கொடுத்து, அரிசி வெந்த பிறகு ருசி பார்த்துத்தான் போட வேண்டும். இருபத்தைந்து முப்பது நிமிடத்தில் பருப்பு கரைந்து, பூசணி குழைந்து, அகப்பையில் எடுத்தால் மெதுவாக வழியும் பதத்துக்குச் சோறு வந்துவிடும். அப்போது முருங்கையிலையைத் தூவி, பானையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே இளஞ்சூட்டு நீரில் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்ற வேண்டும். அடுப்பில் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். மூடி பத்து நிமிடம் விட்டு, மீதிக் கருவாட்டை மேலே தூவி, தேசிக்காய் பிழிந்து பரிமாறலாம்.

வெள்ளிக்கிழமையில் மச்சம் தவிர்ப்பவர்களும், கோணேஸ்வரத்துக்குப் போய்விட்டு நடைக்கு வருபவர்களும் கருவாட்டுக்குப் பதிலாகச் சோயாமீற்றைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து, வெங்காயத்தோடு சேர்த்து வதக்கிப் போடலாம். உப்பை அப்போது முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பானை தணலில் இருக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் அடுப்பின் ஓரத்தை வீணாக்கக் கூடாது. முழுக் கத்தரிக்காய்கள் இரண்டில் கத்தி முனையால் நாலைந்து இடம் குத்தி, ஓரத் தணலில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தோல் கருகி உரிந்து, காம்படி அமுங்கி, குத்திய துளைகளில் சாறு கொதித்துச் சீறும்போது எடுத்துத் தோலைக் களைந்து, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிப்புளி, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தால் வரும் சம்பலுக்கு, வீட்டு காஸ் அடுப்பில் சுட்டது கிட்டவும் நிற்காது. வற்றாளங்கிழங்கைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்துவிட்டால் முக்கால் மணித்தியாலத்தில் வெந்து, திரும்பும் வழியில் சாப்பிட உதவும்.

சமைத்த சோற்றை இந்த வெக்கையில் வைத்து மாலையில் சாப்பிடும் எண்ணம் வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. மிஞ்சியதைக் காட்டோரத்தில் கொட்டினால் யானையும் பன்றியும் அந்த இடத்துக்கு வந்து பழகிவிடும் என்பதால், மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ரின், பொலித்தீன், தேசித்தோல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

நெருப்பை அணைப்பதற்குக் கடைசி அரை மணித்தியாலத்தை ஒதுக்க வேண்டும். தணலைத் தடியால் பரப்பி, தண்ணீர் ஊற்றி, கிளறி, சீறும் சத்தம் முற்றாக நிற்கும் வரை மீண்டும் ஊற்றிக் கிளற வேண்டும். கற்களையும் புரட்டி அவற்றின் அடியிலும் ஊற்ற வேண்டும். மணலால் மூடிவிட்டுப் போவது மிக ஆபத்தானது. மணலுக்கடியில் தணல் பல மணித்தியாலம் சூடாகவே கிடக்கும், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. இறுதியாகப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்து, சூடு இல்லையென்றால் சாம்பலைத் தொட்டும் பார்த்து, ஈரமும் குளிர்ச்சியும் உறுதியான பின்னரே பையைத் தூக்க வேண்டும்.